தாடைக்கட்டு

புளி கரைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஆலிஸுக்கு அந்தச் சத்தம் முதன்முதலாகக் கேட்டது. தவக்காலத்து ஞாயிற்றுக்கிழமை, நல்ல பகல், ஜன்னல் திறந்திருக்கிறது, தெருமுனையில் கண்டெய்னர் லாரி ஒன்று பின்னால் வரும்போது போடுகிற பீப் சத்தம், பக்கத்து வீட்டு டிவியில் யாரோ யாரையோ சபித்துக்கொண்டிருக்கும் சத்தம், அடுப்பில் எண்ணெய் காயும் சத்தம், இத்தனைக்கும் நடுவில் 'சர்ர்' என்று மெல்லிய ஓர் இழுப்பு. கொத்தனார் ஈரச் சுவரின்மேல் மட்டப்பலகையை ஒரு தடவை இழுப்பாரே, அது மாதிரி. ஓர் இழுப்பு. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் ஓர் இழுப்பு. யார் வீட்டில் பூச்சு வேலை என்று ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். யார் வீட்டிலும் இல்லை. புளிக்கையைத் துடைத்துவிட்டுக் காதுகளைப் பொத்திக்கொண்டாள்.

இன்னும் நன்றாகக் கேட்டது.

வேறு சமயமாக இருந்தால் தெருவையே கூட்டிக் கேட்டிருப்பாள். ஆனால் தவக்காலம் தொடங்கிய விபூதிப் புதனிலிருந்து ஆலிஸ் வாய் திறப்பதில்லை. நேர்ச்சை.

காசிமேட்டில் போய் ஆலிஸ் யாரென்று கேட்டால், கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். மீன்பிடித் துறைமுகத்து ஏலக்களத்தில் ஐஸ் உடைக்கிற மெஷினுக்குப் பக்கத்து இடம் அவளுடையது. அங்கே நின்று அவள் 'வஞ்சிரம்' என்று ஆரம்பித்தால் மெஷின் தன் சத்தத்துக்கு வெட்கப்பட்டு நின்றுவிடும். ஒருமுறை அவள் குரலைக் கேட்டு நண்டுகள் தாமாகவே வரிசையாகக் கூடைக்குள் ஏறிக்கொண்டன. பார்த்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் இரண்டு பேர் குடிக்காதவர்கள். கணவன் மேத்யூ உயிரோடு இருந்தவரை வீட்டில் பேசியதே இல்லை. சந்தர்ப்பம் கிடைக்கவில்லை.

அந்த வாயில்தான் போன மழைக்காலத்தில் ஒரு பிளாஸ்டிக் டிரே வந்து இறங்கியது. படகிலிருந்து வீசியவன் ஒழுங்காகத்தான் வீசினான். பிடிக்க வேண்டியவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேலே இரண்டு பல், கீழே மூன்று. அதற்குப் பிறகு அவள் ஏலம் கூவினால் காற்று வந்தது, தொகை வரவில்லை. மொத்த வியாபாரிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். ஆலிஸுக்கு ஐம்பத்துச் சொச்சம் வயதில் முதல் தடவையாக வாயைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது.

மகள் ரூத்தான் பல் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கொண்டு போனாள். வியாசர்பாடிப் பெண் ஒருத்தி, சங்கமித்ரா என்று பெயர், அங்கே டாக்டர். அவள் ஒரு சின்ன உலோக வேரை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். சாம்பல் நிறம், கடல் பஞ்சு மாதிரி பூராவும் பொத்தல்.

"உருக்கி ஊத்துனது இல்லம்மா. டைட்டானியத்தைப் பவுடரா ஒரு பரப்பு பரப்பி, அது மேல லேசர் வரையும். மறுபடி ஒரு பரப்பு, மறுபடி வரையும். அடுக்கடுக்கா வளத்தது. இந்த ஓட்டைங்கள நாங்கதான் வேணும்னே வுட்டிருக்கோம். உங்க எலும்பு வந்து உள்ள பூந்துக்கும். அப்புறம் எது எலும்பு, எது உலோகம்னு அதுக்கே தெரியாது."

"எலும்புக்கு வாடகை வூடு கட்டிக் குட்த்துக்கீற."

"அப்டியே வெச்சுக்கங்க. ஆனா குடி வர்ற வரைக்கும் வூடு ஆடக்கூடாது. எங்க அசையாம இருக்கோ அங்கதான் எலும்பு ஒட்டும். அதனால கொஞ்ச நாளைக்கு இந்தக் கத்தல் கித்தல் எல்லாம் வேணாம்."

ஐந்து வேரையும் தாடையில் பதித்துத் தையல் போட்டு அனுப்பினார்கள். டாக்டர் ஒரு பங்கு சொன்னால் ஒன்றரைப் பங்கு செய்வது ஏலக்காரி சுபாவம். கொஞ்சம் கத்தாமல் இருங்கள் என்றதை ஆலிஸ் ஏற்றிக் கேட்டாள். விபூதிப் புதன் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. சாம்பல் பூசிக்கொண்டு வந்த கையோடு, ஈஸ்டர் வரைக்கும் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள்.

ரூத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நீயா? தவக்காலம் பூரா? யம்மா, வேளாங்கண்ணிக்கு முட்டி போட்டுகினே போறேன்னு சொல்லு, நம்பறேன்."

படகு ஓனர்கள் சிரிக்கவில்லை. அவர்களுக்குக் கூவ ஆள் வேண்டும். ஈஸ்டர் வரைக்கும் ஆலிஸின் இடத்தில் கோதண்டம் நிற்கட்டும், ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை அவள் வந்து வாயைத் திறந்து கூவினால் இடம் அவளுடையது, கூவாவிட்டால் கோதண்டத்துடையது என்று முடிவாயிற்று. அதற்கப்புறம் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிடும். படகுகள் கரையேறிவிட்டால் எந்த ஏற்பாடும் நிரந்தரமாகிவிடும். ஆலிஸ் தலையை ஆட்டினாள்.

நேர்ச்சையில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. அவள் தூக்கத்தில் ஏலம் விடுகிறவள். முதல் நாளே தூக்கத்தில் சங்கரா மீன் ஒரு கூடையை நல்ல விலைக்குத் தள்ளிவிட்டாள். பொழுது விடிந்து ரூத் சொன்னதும் ஆலிஸின் முகம் செத்துப்போயிற்று. மறுநாளிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை நீளமாகக் கிழித்து, மோவாய்க்குக் கீழே கொடுத்து, உச்சந்தலையில் இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டு படுத்தாள்.

"யம்மா, செத்தவங்களுக்குக் கட்ற மாறி கீது. எட்த்துடும்மா. காலைல எந்திரிச்சுப் பாத்தா எனுக்கு நெஞ்சே நின்னுடுது."

ஆலிஸ் கையை அசைத்தாள். ஏலக்களத்தில் அதற்கு, பேரம் முடிந்தது, போ என்று அர்த்தம்.

சத்தம் கேட்ட அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அது நிற்கவே இல்லை. பாத்திரம் தேய்க்கும்போது மறைந்துகொள்ளும். குழாயை மூடினால் வந்துவிடும். சர்ர். இடைவெளி. சர்ர். அந்த இடைவெளி ஒரே அளவாக இருப்பதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. வலி ஒன்றுமில்லை. வாயில் மட்டும் ஒரு வாசனை, புதுச் சுண்ணாம்பு அடித்த அறையைப் பூட்டிவைத்துத் திறந்தால் வருமே, அது. காப்பி குடித்தாலும் அதுவே, மீன் தின்றாலும் அதுவே. பரப்பு, வரை, பரப்பு, வரை. டாக்டர் சொன்ன மெஷினை அவள் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இப்படித்தான் சத்தம் போட்டிருக்கும் என்று ஏனோ தோன்றியது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். சங்கமித்ரா படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள், பக்கத்து அறை டாக்டர்களைக் கூப்பிட்டாள், அவர்களும் பார்த்துவிட்டு ஆலிஸைப் பார்த்துக் கும்பிடாத குறையாகச் சிரித்தார்கள்.

"மாசக்கணக்குல வர்ற எலும்பு, வாரத்துல வந்துருக்கும்மா! ஓட்டை ஒண்ணுகூட மிச்சமில்ல. பூரா குடி வந்துடுச்சு." பிறகு, "வாயைத் திறங்க" என்றாள். இரண்டு விரலை நிமிர்த்தி உள்ளே விட்டாள். மூன்றாவது விரல் போகவில்லை. சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "டைட்டா இருக்கே. ஏம்மா?"

ரூத் துணி விஷயத்தைப் போட்டுக்கொடுத்துவிட்டாள்.

"ஐயோ, கட்டெல்லாம் வேணாம்மா! பேசாம இருங்க, தப்பில்ல. ஆனா வாயைத் திறந்து திறந்து மூடணும். அசைவே இல்லாத எடத்துல எலும்புக்கு எது எல்லைன்னு தெரியாது."

ஆலிஸ் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். ராயபுரத்துச் சந்தில் ஒரு வீடு நிறைந்துவிட்டால் அப்புறம் என்ன ஆகும் என்று அந்த டாக்டர் பெண் அப்போதே யோசித்திருக்க வேண்டும். முதலில் படிக்கட்டு தெருவுக்கு வரும். அடுத்த வருஷம் படிக்கட்டுக்கு மேலே ஒரு கூரை. அதற்கடுத்த வருஷம் மாடியிலிருந்து ஒரு பால்கனி கிளம்பி எதிர்வீட்டுப் பால்கனியோடு கைகுலுக்கும். இடம் நிறைந்தது என்று யாரும் கட்டுவதை நிறுத்துவதில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு நாள் கட்டில்லாமல் படுத்தாள். தூக்கத்தில் இறால் போயிற்று, கிலோ இன்ன விலை என்று தெரு முழுக்கக் கேட்டது. மறுநாள் கட்டிக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் இறுக்கமாக. நேர்ச்சையில் தள்ளுபடி கிடையாது. குருத்து ஞாயிறு தாண்டினால் ஈஸ்டர். ஈஸ்டர் தாண்டினால் ஐஸ் மெஷின். மாதா அவ்வளவுகூடவா பார்த்துக்கொள்ள மாட்டாள்?

குருத்து ஞாயிறன்று கோயிலிலிருந்து திரும்புகிற வழியில் கோதண்டம் பைக்கை நிறுத்தினான்.

"இன்னா ஆலிசக்கா, இன்னும் மியூட்லயே கீற? உன் எடம் பத்திரமா கீதுக்கா. நான்தான் நின்னு காப்பாத்திகினு கீறேன். ஐஸ் மெஷின்தான் உன்ன கேட்டுகினே கீது." அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "தாடை இன்னாக்கா இப்டி சதுரமா ஆய்ட்ச்சு? பயில்வான் கணக்கா?"

வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தாள். சதுரமாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தாள். உதடு திறந்தது. பல் வரிசைகள் ஒன்றையொன்று விட மனமில்லாத மாதிரி மெதுவாக, ஒரு விரல் கனத்துக்குப் பிரிந்து, அங்கேயே நின்றன. அதற்குமேல் போகவில்லை. கையால் மோவாயைப் பிடித்துக் கீழே இழுத்தாள். காதுக்கு முன்னால் எங்கேயோ ஒரு கதவு உள்பக்கமாகத் தாழிட்டிருந்தது.

நாக்கை அனுப்பிப் பார்த்தாள். ஈறுக்கு உள்பக்கம், தையல் போட்ட இடத்துக்குப் பக்கத்தில், மொறமொறவென்று ஒரு திட்டு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மேலேயும் அதே. பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பி மாதிரி, சின்னச் சின்னதாக, பொத்தல் பொத்தலாக. மேலே ஒன்று இருந்த இடத்துக்கு நேர் கீழே ஒன்று. ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு.

ரூத்திடம் காட்டவில்லை. காட்டினால் அவள் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவாள், டாக்டர் பயந்து எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவாள், திங்கட்கிழமை மறுபடி காற்றுதான் வரும், வியாபாரிகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கஞ்சியை உறிஞ்சிக் குடித்தாள். உபவாசம் என்று ரூத் நினைத்துக்கொண்டாள். ஆலிஸ் அப்படியே நினைக்கவிட்டாள்.

பெரிய வெள்ளியன்று மதியம் கோயிலில் இயேசுவின் பாடுகளை வாசித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வெயில், உள்ளே வியர்வையும் மெழுகும் வாடிய குருத்தும் கலந்த வாசனை, மேலே மின்விசிறிகள் இருந்த காற்றையே திருப்பித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தன. ஆலிஸ் செபமாலையை வலதுகையில் இறுக்கிப் பிடித்தபடி வாசிப்பு முடிகிற வரைக்கும் அசையாமல் நின்றாள். சர்ர் என்ற இழுப்பு அன்றைக்குத் தாடையில் கேட்கவில்லை. நின்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டாள். அப்புறம்தான் அது எங்கே இருக்கிறதென்று புரிந்தது. கொஞ்சம் கீழே. தோளுக்குக் கீழே. முழங்கைக்கும் கீழே.

சிலுவையை முத்தமிட வரிசை நகர்ந்தது. செபமாலையை இடுப்பில் செருகலாமென்று விரல்களை விரித்தாள்.

சுண்டுவிரலும் அதற்கடுத்ததும் விரியவில்லை.

இடதுகையால் பிடித்து இழுத்தாள். காய்ந்த சுள்ளி ஒன்று முறிகிற சத்தம். விரல் விடுபட்டது. முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். சொடக்கு எடுக்கிற இடமா இது என்கிற பார்வை.

எங்க அசையாம இருக்கோ அங்கதான் எலும்பு ஒட்டும்.

அன்றைக்குப் படுக்கவில்லை. ரூத் தூங்கிய பிறகு அறைக்குள் சுவருக்கும் சுவருக்கும் நடந்துகொண்டே இருந்தாள், ஒவ்வொரு விரலையும் மடக்கி நீட்டிக்கொண்டு, கழுத்தை இடமும் வலமும் திருப்பிக்கொண்டு. காலையில் வாய்க்குள் விரல் நகம்கூடப் போகவில்லை.

ரூத் வேலைக்குப் போனதும் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். கேட் பூட்டியிருந்தது. "ஓபி லீவும்மா. திங்கக்கெய்ம வா" என்றார் வாட்ச்மேன். அவள் வாயைக் காட்டினாள், தாடையைக் காட்டினாள், கையைக் காட்டினாள். "பல் வலிதானே? ஒரு கிராம்பு வெச்சுக் கடிச்சுக்கோ" என்றார். கடிப்பதற்கு இடம் வேண்டுமே என்று அவரிடம் எப்படிச் சொல்வது.

நின்றால் ஒட்டும். நடந்து நடந்து கால் ஓய்ந்துவிட்டது. அப்போதுதான் ஆலிஸுக்கு அந்த யோசனை வந்தது. எண்ணூர் பஸ்.

அந்தச் சாலையில் போகிற பஸ்ஸில் ஒரு மனிதனின் எந்தப் பாகமும் ஒரு கணம் சும்மா இருந்தது கிடையாது. அதிலும் கடைசி சீட்டில் உட்கார்ந்தால் மாதம் நிறைந்தவர்களுக்குப் பிரசவமாகும், நிறையாதவர்களுக்குக் கர்ப்பம் கலையும். பெண்களுக்கு டிக்கெட் இலவசம் வேறு. ஆலிஸ் கடைசி சீட்டில் ஏறி உட்கார்ந்து, கையைக் காலைத் தளரவிட்டுக் கண்ணை மூடினாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முதுகெலும்பு தனித்தனியாகக் குதித்தது. இதைவிடச் சுகமான பயணம் அவள் வாழ்க்கையில் இல்லை. திருவொற்றியூர் போயிற்று. கடல் வந்து வந்து கல்லில் அடித்தது. புகைபோக்கிகள் வந்தன, சாம்பல் வாசனை வந்தது, தண்ணீரைத் தாண்டிப் போகும் பெரிய பெரிய குழாய்கள் வந்தன.

"எண்ணூர் வந்துட்ச்சும்மா, எறங்கு" என்றார் கண்டக்டர்.

இன்னொரு டிக்கெட் என்று விரலைக் காட்டினாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு கிழித்துக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது பாதி வழியில் பஸ் நின்றது.

முன்னால் கண்டெய்னர் லாரிகள். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் வரிசை, கண்ணுக்கெட்டின மட்டும். ஒரு பக்கம் கடற்சுவர், மறுபக்கம் லாரி. டிரைவர் என்ஜினை அணைத்தார். என்ஜின் நடுக்கமும் நின்றது. கடலில் காற்றில்லை. ஜன்னலோரக் கம்பி சுட்டது. பின்னாலும் ஒரு லாரி வந்து ஒட்டிக்கொண்டது.

அமைதி.

சர்ர்.

அந்த இழுப்பு இப்போது ஓரிடத்திலிருந்து வரவில்லை. முட்டியில் ஒன்று. முதுகில் ஒன்று. ஒன்று முடிவதற்குள் இன்னொன்று. ஒரு பெரிய கட்டடத்தில் எல்லா மாடியிலும் ஒரே சமயத்தில் ஆள் இறங்கின மாதிரி.

ஆலிஸ் ஆட ஆரம்பித்தாள். உட்கார்ந்த இடத்திலேயே தோளைக் குலுக்கினாள், தலையைச் சுழற்றினாள், கால்களை உதறினாள். எழுந்து நிற்க இடமில்லை. நடைபாதை பூராவும் ஆள். இன்னும் வேகமாகக் குலுக்கினாள்.

"யோவ் கண்டக்டரு! இந்தம்மாவுக்கு வலிப்பு வந்துட்ச்சுய்யா!"

"சாவி குடு! இரும்பு யார்ட்டனா கீதா, குடு!"

வசீம் என்று ஒருவன், டோல்கேட்டில் செருப்புக்கடை வைத்திருப்பவன், தன் சாவிக்கொத்தை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தி விரல்களை மடக்கினான். இரண்டு பேர் தோளை அமுக்கினார்கள். பூக்காரி ஒருத்தி கால்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நல்ல மனிதர்கள். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் நல்ல மனிதர்கள்.

"யக்கா, ஒண்ணியும் இல்லக்கா. ஆடாத. ஆடாம இருந்தா சரியாப்பூடும்" என்றாள் பூக்காரி.

ஆலிஸ் மூக்கால் கத்தினாள். அது முனகலாகத்தான் வந்தது. முனகினால் இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள்.

பஸ் எப்போது கிளம்பியது என்று தெரியாது. முதல் பள்ளத்தில் உடம்பு தூக்கிப்போட்டதும், இடுப்பிலும் முட்டியிலும் சடசடவென்று எதுவோ உடைந்து, பிடி விட்டது. உயிர் வந்தது. எல்லோரும் கையை எடுத்துக்கொண்டார்கள்.

"சரியாப்பூட்ச்சா? சாவியக் குடுக்கா, கடை தெறக்கணும்" என்றான் வசீம்.

கையை நீட்டினாள். விரல்கள் சாவியைச் சுற்றி மூடியிருந்தன. அவன் சிரித்துக்கொண்டே ஆட்காட்டி விரலைப் பிரித்தான். சடக். "சொடக்கு சூப்பரா வுழுதுக்கா." அடுத்த விரலைப் பிரித்தான். சடக். மூன்றாவது விரலைப் பிரிக்கும்போது சிரிப்பை நிறுத்திவிட்டான். நான்காவதைத் தொடவில்லை. இருந்த இடைவெளியில் சாவியை உருவிக்கொண்டு, டோல்கேட்டுக்கு ரொம்ப முன்னாலேயே இறங்கி நடந்தான்.

வீட்டில் ரூத் அம்மாவின் உதட்டைப் பிரித்து போன் வெளிச்சத்தில் பார்த்தாள். விரலால் தடவிப் பார்த்தாள். அப்புறம் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எது பல், எது... யம்மா, நடுவுல கோடே இல்லம்மா. மேலயும் கீழயும் ஒரே சுவரு மாறி கீது. வா, இப்பவே பெரியாஸ்பத்திரி போலாம். எந்திரி."

ஆலிஸ் கையை ஆட்டினாள். பெரியாஸ்பத்திரிக்குப் போனால் படுக்கவைப்பார்கள். அசையாதே என்பார்கள். காலையில் பூசை. வாக்கு கொடுத்தவள் வாக்கை முடித்துக் கொடுத்தால், பூட்டினவள் திறப்பாள். திங்கட்கிழமை ஐஸ் மெஷின். அவள் சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தைக் காட்டினாள், கையைக் கூப்பினாள், சட்டென்று பயந்து பிரித்துக்கொண்டாள்.

ரூத் அழுதாள். கடைசியில், "சரி. பூசை முடிஞ்ச ஒடனே. ஆட்டோவ வாசல்லயே நிக்க சொல்றேன்" என்றாள். அதுவரைக்கும் அவளே அம்மாவைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள், குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி.

ஈஸ்டர் காலைப் பூசைக்கு ராயபுரமே வந்திருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்த ஒருமுறையை அன்றைக்கு வைத்திருந்தார்கள். புதுத்துணி வாசனை, மல்லிகை, யாரோ வீட்டில் அதிகாலையிலேயே தாளித்த மட்டன் வாசனை துணியோடு வந்திருந்தது. ரூத் பாடகர் குழு. மாடிக்குப் போயே ஆகவேண்டும். "ஆடிகினே இரும்மா. நான் மேல இருந்து பாத்துகினே இருப்பேன்" என்று காதில் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆலிஸ் ஆடிக்கொண்டே இருந்தாள். பீடத்துக்கு முன்னால் நாலாவது வரிசை. முதலில் இடமிருந்தது. பிறகு ஒரு குடும்பம் வந்தது, தள்ளி உட்கார்ந்தாள். இன்னொரு குடும்பம் வந்தது. இடதுபக்கம் ஒரு பருமனான தோள், வலதுபக்கம் ஒரு பருமனான தோள், முதுகில் யாருடைய முட்டியோ. ஆட்டம் சின்னதாயிற்று. தலையை மட்டும் அசைக்க முடிந்தது.

எழுந்தேற்றம், சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டுகிற நேரம். மணி அடித்தது. எல்லோரும் முழந்தாளிட்டார்கள். அவளும் போனாள், போகாமலிருக்க முடியாது, கூட்டமே அவளை மடக்கிக் கீழே வைத்தது. முழங்கைகளை மடித்தால்தான் இடம். கைகளைக் கூப்பிக்கொண்டாள். ஆயிரம் பேர். ஒரு இருமல் இல்லை. ஒரு குழந்தை இல்லை.

கட்டைவிரலை அசைத்தாள்.

அசைத்தாள்.

அசைக்க நினைத்தாள்.

கூட்டம் எழுந்தது. பருமனான தோள்கள் இரண்டும் மேலே போயின. இப்போது இடமிருந்தது. நிறைய இடமிருந்தது. மேலே பாட்டு வெடித்தது, நேர்ச்சை முடிந்த பாட்டு, தவக்காலம் பூரா பாடாத அல்லேலூயா. ஆலிஸ் வாயைத் திறந்தாள்.

உள்ளே திறந்தாள். வெளியே ஒன்றும் நடக்கவில்லை.

"யக்கா, எந்திரிக்கா." தோளைத் தொட்ட கை சட்டென்று பின்வாங்கியது. "இன்னாடி இது, கல்லு கணக்கா கீறாங்க?"

"ஏய், தொடாத! தவக்காலம் பூரா மௌனம் இருந்தாங்கல்ல? அருள் எறங்கிட்ச்சு!"

"ஆமா, கண்ணைப் பாரு. தண்ணியா கொட்டுது."

கூட்டம் வட்டமாக விலகியது. பிறகு வட்டம் சுருங்கியது. மாடிப்படியில் தடதடவென்று ஒரு காலடி இறங்கி, கூட்டத்தின் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. ரூத்தின் குரல்.

"ஆட்டுங்க! எங்கம்மாவ ஆட்டுங்க! யாராச்சும் புட்சி ஆட்டுங்களேன்! வுடுங்கய்யா, எங்கம்மாய்யா அது!"

"அருள் வந்தவங்கள ஆட்டக்கூடாதும்மா. லைன்ல வா."

ரூத். ரூத். ஆலிஸ் கண்ணைச் சிமிட்டினாள். அது மட்டும் அவளுக்கு மிச்சமிருந்தது. வேகமாக. ஒரு முறை. இன்னொரு முறை.

எதிரே முழந்தாளிட்டிருந்த ஒருத்தி அதைப் பார்த்தாள். "யக்கா... எம் பொண்ணுக்கு இந்த வருசமாவது கல்யாணம் ஆய்டுமா?"

ரூத்!

"ஆவும்னு சொல்றாங்க! கண்ணால சொல்றாங்க! பாத்தீங்களா, எல்லாரும் பாத்தீங்களா!"

அலறல். அழுகை. யாரோ கழுத்தில் மல்லிகைச் சரத்தைப் போட்டார்கள். யாரோ கூப்பிய கைகளின் நடுவே ஒரு மெழுகுவர்த்தியைச் செருகினார்கள். செருக இடம் சரியாக இருந்தது. சூடான மெழுகு விரல்மேல் இறங்கியது. அடுத்தவள் வந்தாள். வீட்டுப் பட்டா. அடுத்தவள். மகன் துபாய். இமைத்தால் ஆமென்கிறார்கள். இமைக்க இமைக்க வரிசை நீள்கிறது. ரூத்தின் குரல் பின்னால் போய்க்கொண்டிருந்தது, வாசல் பக்கமாக.

இமைக்கக் கூடாது. இமைக்காவிட்டால் போய்விடுவார்கள். போனால் ரூத் வருவாள்.

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டாள். எரிந்தது. மெழுகுப் புகை நேரே கண்ணுக்குள் ஏறியது. வைத்துக்கொண்டாள். கேட்டவள் காத்திருந்தாள். இன்னொருமுறை கேட்டாள். முணுமுணுப்பு. யாரோ எழுந்தார்கள். போகிறார்கள். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

போதும்.

இமையை இறக்கினாள்.

இறங்கவில்லை.

வரிசையில் அடுத்து நின்றவள் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. கோயிலில் இருக்கிற எல்லா சுரூபச் சிலைகளுக்கு முன்னாலும் செய்வதைத்தான் அவள் செய்தாள். குழந்தையின் பிஞ்சு விரலைப் பிடித்து, "மாதாவத் தொட்டுக் கும்புடு கண்ணு, எங்க, தொட்டுக் கும்புடு" என்று கொஞ்சியபடி முன்னால் குனிந்தாள். குழந்தைக்கு மெழுகுவர்த்தி பிடிக்கவில்லை, பூ பிடிக்கவில்லை. ஈரமாகப் பளபளத்துக்கொண்டு தன்னையே பார்க்கிற அந்தக் கருப்பு வட்டம்தான் பிடித்திருந்தது. சிரித்துக்கொண்டே, அதை நோக்கி, விரலை நீட்டியது.